ப்ளூஸ் வெறும் வாய்ப்பாட்டு மெட்டன்று

ப்ளூஸ் இசையைத் தொடக்கப்பள்ளிக்குள் அழைத்து வருவோர் பலர், அதன் தாளத்தை மட்டும் உள்ளே விட்டு, வரலாற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றனர். வாய்ப்பாட்டையும் எழுத்துக்கூட்டலையும் மனனம் செய்விக்கும் மெட்டாக அது சுருங்கிவிடுகிறது.

துயர வரலாறு பிஞ்சு மனங்களுக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் அதே வயதுக் கறுப்பினக் குழந்தைகள் பருத்தி எடுத்தார்கள். அன்று உழைக்கத் தகுந்த வயது, இன்று அறியத் தகாத வயதாகுமா?

ப்ளூஸின் வடிவமே ஒரு பயிற்றுமுறை. 12 தாள அளவுகள், மூன்று அடிகள். முதலடி முறையிடும், இரண்டாமடி அதையே மீண்டும் சொல்லும், மூன்றாமடி மறுமொழி தரும். பென்சிலைத் தொலைத்த ஏழு வயதுச் சிறுமியும் தன் குறையை இதில் பாடிவிடலாம். தன் துயரைச் சொல்லப் பழகிய குழந்தைக்கே, 1947இல் பார்ச்மன் சிறைப்பண்ணையில் ஆலன் லோமாக்ஸ் பதிவுசெய்த கைதிகளின் வேலைப்பாட்டு மனிதக் குரலாகக் கேட்கும்.

கிளார்க்ஸ்டேலில் 1979இல் தோன்றிய டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம், அம்மண்ணின் சிறுவர்களுக்கு வரலாற்றின் நடுவிலேயே இசை பயிற்றுவிக்கிறது. வகுப்பறைக்கு வேண்டியது அந்த நேர்மை. வரலாற்றை நீக்கிய ப்ளூஸ், உழைத்தவனை மறந்து விளைச்சலை மட்டும் அள்ளிச்செல்லும் பழைய பண்ணையார்த்தனமே.