பாதசாரிக்கு எத்தனை விநாடி?

“நம் ஜனங்களுக்கு ரோடு கடக்கத் தெரியாது, சிக்னலை மதிப்பதே இல்லை” என்று குறைப்படாதவர்கள் நம்மில் குறைவு. காரில் வரும் அன்பர்கள் இதைச் சற்று உரக்கவே சொல்வார்கள். ரயில்வேயில் முப்பது வருடங்களுக்கு மேல் பணியாற்றிய எனக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு. ஒரு சிக்னலை எல்லோரும் மீறுகிறார்கள் என்றால், முதலில் சோதிக்க வேண்டியது அந்தச் சிக்னலைத்தான்.

தெரு சிக்னலே ரயில்வேக்காரர் தந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1868-இல் லண்டன் பார்லிமெண்ட் அருகே வைக்கப்பட்ட முதல் போக்குவரத்து சிக்னலுக்கு யோசனை தந்தவர் ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளர். நம் பழைய கைகாட்டி மரம் போலவே இருந்த அது, குதிரை வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு வழிவிட்டது. (மறு மாதமே அதன் கேஸ் விளக்கு வெடித்தது வேறு கதை.)

நம் தாணே தீன் ஹாத் நாக்காவைப் போல, ஹைவேயும் எல்.பி.எஸ். ரோடும் சேரும் பெரிய சந்திப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திசைக்கும் முறை வந்து போக ஒரு சுற்று 180 விநாடி, அதில் பாதசாரிக்குப் பச்சை 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பச்சை அணைந்த மறுகணம் வந்து சேர்ந்தவர் 160 விநாடி வெயிலில் நிற்க வேண்டும். 30 விநாடிக்கு மேல் காக்க வைத்தால் நடப்பவர் பொறுமை இழப்பார் என்று அமெரிக்க சாலைப் பொறியாளர்களின் கையேடே சொல்கிறது. லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவரிடம் 160 விநாடிப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, பச்சை வந்துவிட்டது. பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடை வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். 24 மீட்டர் அகல ரோட்டுக்கு 20 விநாடி, கணக்கு சரி. ஆனால் முழங்கால் வலியோடு செட்டா நகர் முருகனைப் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பாட்டியின் வேகம் 0.8 மீட்டர் என்றால், விளக்கு மாறும்போது அவர் 16 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி 8 மீட்டரில் பஸ்ஸும் ரிக்ஷாவும் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

சுற்றை இவ்வளவு நீட்டுவது ஏன்? திசை மாறும் ஒவ்வொரு தடவையும் சில விநாடி வீணாகும். சுற்றுக்கு 16 விநாடி வீண் என்று கொண்டால், 90 விநாடிச் சுற்றில் மணிக்கு 640 விநாடியும், 180 விநாடிச் சுற்றில் 320 விநாடியும் போகும். ஆக, நீட்டியதால் வண்டிகளுக்கு லாபம் மணிக்கு ஐந்து நிமிடம் சொச்சம். அந்த லாபத்துக்கு விலை கொடுப்பவர் நடந்து போகிறவர். 90 விநாடிச் சுற்றில் 30 விநாடிப் பச்சை தந்தால் அவர் அதிகம் காத்திருப்பது 60 விநாடி, பாட்டியும் கடந்துவிடுவார். வண்டிகளின் வரிசை கொஞ்சம் நீளும், மறுக்கவில்லை. அவர்களாவது உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்கள் தங்கள் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை சில விநாடி நீள்கிறது. நமக்கோ 2008 முதல் ஸ்கைவாக் கட்டித் தந்தார்கள்; வண்டிகளுக்குச் சமதரை, கால் வலிக்காரருக்குப் படிக்கட்டு! 2020-இல் தாதர் பகுதி சிக்னல்களில் பெண் உருவம் பொறித்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அந்த உருவம் எத்தனை விநாடி எரிகிறது என்பதல்லவா கேள்வி?

அன்பர்கள் அவரவர் நாக்காவில் கைக்கடிகாரத்தோடு ஒரு வாரம் நின்று, காத்திருந்த விநாடியையும் பச்சை எரிந்த விநாடியையும் குறித்து அனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிச் சென்று அவர்கள் கடக்க ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசாருக்கும் மராத்தியில் மனு எழுதித் தர நான் தயார்.