கௌண்டி வகைக் கப்பல்களும் அவற்றின்மேற் சாற்றும் பழியும்

பெரும்பாலும் இங்கிலாந்து தேசத்துக் கௌண்டிகளின் பெயர்களைத் தாங்கியமையின் 'கௌண்டி வகை' என வழங்கப்பெற்ற பதின்மூன்று குரூஸர் கப்பல்களைப்பற்றி எழுதுவோர், அவை மெல்லிய தோலுடையன, அடி தாங்கமாட்டாதன என்று ஒருவர் கூறியதையே மற்றவரும் கூறிச் செல்கின்றனர். இக்கூற்றில் உண்மை சிறிதும் இன்றென்று வாதிக்க நாம் வரவில்லை. சாரவேண்டியவரைச் சாராது, அப்பழி வாய்பேசாத இரும்பின்மேலும் அதனோடு மூழ்கிய மாலுமிகளின்மேலும் ஏறியிருக்கின்றது என்பதே நம் கருத்து. தமிழ் பயில்வார்க்குப் போர்க்கப்பலோடு என்ன உறவு என்று நகைக்கும் நண்பர்கள், அவற்றுள் இரண்டு இலங்கைக்குத் தென்மேற்கே கடலடியிற் கிடக்கின்றன என்பதை நினைவுகூர்வார்களாக.

1922ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஐந்து வல்லரசுகள் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. குரூஸர் எதுவும் 10,000 டன் எடைக்கும் 8 அங்குலப் பீரங்கிக்கும் மேற்படலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பிரிட்டனிடம் ஏற்கெனவே 'ஹாக்கின்ஸ்' வகைக் கப்பல்கள் ஏறத்தாழ அவ்வெடையில் 7.5 அங்குலப் பீரங்கிகளோடு இருந்தன. அவற்றை இழக்க மனமில்லாமையே அவ்வெண்கள் எழுந்தமைக்கு ஒரு காரணம் என்பர். எல்லை என்று வகுத்தது விரைவில் இலக்காயிற்று. அதற்குக் குறைந்த கப்பலைக் கட்ட எந்த அரசுக்கும் துணிவில்லை.

கப்பலமைப்புத் துறைத் தலைவரான ஸர் யூஸ்டஸ் டெனிஸன் டெய்ன்கோர்ட்டும் அவர்தம் துணைவரும் இவ்வெல்லைக்குள் யாது செய்தனர்? நான்கு கோபுரங்களில் எட்டுப் பீரங்கிகள். மணிக்கு 31 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகம். மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய். பெருங்கடலின் அலை ஏறாதபடி உயர்ந்த பக்கங்கள். வெப்பநாட்டுக் கடல்களில் மாலுமிகள் மாதக்கணக்காய் உறையத்தக்க இடவசதி. இவையனைத்தும் எடையை உண்டபின் கவசத்திற்கு எஞ்சியது சிறிதே. வெடிமருந்து அறைகளைச் சுற்றி நான்கு அங்குலமும், ஏனைய பக்கங்களில் ஓர் அங்குலமுமே இரும்பு வைக்க இயன்றது. உலகின் ஒரு கோடி முதல் மறு கோடி வரை வணிகக் கப்பல்களைக் காப்பதற்கென எழுந்தவை இவை. மாடு மேய்க்கப் போகிறவன் மலைக்கோட்டையைச் சுமந்து செல்வானோ? மேலும், ஜப்பானின் 'மியோகோ' வகையும் இத்தாலியின் 'ஸாரா' வகையும் விதித்த எடையைக் கடந்தே கட்டப்பட்டன. 'கெண்ட்' முதலிய கப்பல்களோ எல்லைக்குட்பட்டே நின்றன. வாக்குக் காத்தவனை மெலிந்தவன் என்று இகழ்வது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

ஒரு குறையை நாமும் ஒப்புகின்றோம். அப்பெரும் பீரங்கிகள் எழுபது பாகை வரை நிமிர்ந்து ஆகாய விமானங்களைச் சுடும் என நம்பினர். அதன் பொருட்டுக் கோபுரப் பொறிகள் சிக்கலாயின. விமானத்தைப் பின்தொடரும் விரைவோ கைகூடவில்லை. அக்கனவின் விலையைப் பின்வந்தோர் கொடுத்தனர்.

எக்காரியத்திற்கென அமைந்தனவோ அக்காரியத்தை இக்கப்பல்கள் நன்றே செய்தன. 1941 மே 8இல் 'கார்ன்வால்', நார்வே நாட்டு வணிகக் கப்பல்போல் வேடமிட்டுத் திரிந்த ஜெர்மானியப் 'பிங்குவின்' கப்பலை ஸேஷெல்ஸ் தீவுகளுக்கு வடக்கே வீழ்த்திற்று. அதன் அடித்தளத்தில் அடைபட்டிருந்த கைதிகளிற் பெரும்பாலோரும் உடன் மாண்டனர் என்பது வெற்றிச் செய்திக்குள் மறைந்த துயரம். அவ்வாண்டு நவம்பர் 22இல் 'அட்லாண்டிஸ்' என்னும் மற்றொரு வேடக்கப்பலை 'டெவன்ஷயர்' அழித்தது. வெப்பக்கடலுக்கெனப் பிறந்த 'நார்போக்', 1943 டிசம்பர் 26இல் வடமுனைக் குளிரில் 'ஷார்ன்ஹார்ஸ்ட்' என்னும் பெருங்கப்பலோடு பொருது அதன் முன்புற ராடாரைச் சிதைத்தது. 'ஆஸ்திரேலியா' 1944, 45ஆம் ஆண்டுகளில், தம் உயிரையே குண்டாக்கிப் பாய்ந்த ஜப்பானிய விமானிகளின் மோதலைப் பன்முறை தாங்கியும் மூழ்கவில்லை. பதின்மூன்றிற் பத்து, போர் முடியும் வரை மிதந்தன.

எஞ்சிய மூன்றுள் 'கான்பெரா' 1942 ஆகஸ்டு 9இல் ஸாவோ தீவருகே இரவுப்போரில் அழிந்தது. மற்ற இரண்டும் 'கார்ன்வா'லும் 'டார்ஸெட்ஷய'ரும் ஆகும். 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர்த் திருநாள். முந்தின இரவே கொழும்பைவிட்டு நீங்கித் தம் பெரும்படையைச் சேர விரைந்த இவ்விரண்டையும், நண்பகலுக்குப்பின் ஜப்பானிய விமானங்கள் ஐம்பதிற்கு மேற்பட்டவை வந்து தாக்கின. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. மாண்டவர் 424 பேர். கவசக் குறையே காரணம் என்பார்க்கு நாம் ஒன்று கூறுவோம்: 'கார்ன்வா'லுக்குப் போருக்கு முன்னரே நாலரை அங்குலப் பக்கக் கவசம் சேர்த்திருந்தனர், 'டார்ஸெட்ஷய'ருக்கு இல்லை. இரண்டும் ஒருங்கே மூழ்கின. நேர்மேலிருந்து வீழும் குண்டிற்குப் பக்கக் கவசம் என் செய்யும்? நட்பு விமானம் ஒன்றேனும் தலைக்குமேல் இன்றி அவற்றை அவ்வழியே செல்ல விடுத்த ஏற்பாட்டையன்றோ முதற்கண் ஆராய வேண்டும்?

இதே 'டார்ஸெட்ஷயர்' தான் 1941 மே 27இல் 'பிஸ்மார்க்' கப்பலின்மேல் இறுதி டார்ப்பீடோக்களை எய்து, பின் நீரில் தத்தளித்த பகைவரைக் கயிறிட்டு ஏற்றியது. எண்பத்தைவர் ஏறினர். அந்நிலையில் நீர்மூழ்கி உண்டென்று ஐயம் எழவே, தலைவர் மார்ட்டின் கப்பலைச் செலுத்தக் கட்டளையிட்டார். நூற்றுக்கணக்கானோர் நீரிலேயே விடப்பட்டனர். இதனைக் கொடுமை என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கூறத் துணியோம். நின்ற கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. தம்மை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான உயிர்கட்கு அவரே பொறுப்பாளர். எனினும், கயிற்றைப் பற்றிய கையோடு பின்தங்கியவனுக்கு இந்நியாயம் ஆறுதலாகுமோ?

ஓராண்டு நிறைவதற்குள் அக்கப்பலின் மாலுமிகளே நீரில் வீழ்ந்தனர். பகைவரின் படை அணித்தே உலவியமையின், துணைக்கப்பல்கள் உடனே அணுகவில்லை. காயமுற்றோரைப் படகுகளில் ஏற்றி, ஏனையோர் அவற்றைச் சூழ்ந்து மிதந்தனர். முப்பது மணி நேரத்தளவு கழிந்து, மறுநாள் மாலையில் 'எண்டர்பிரைஸ்' குரூஸரும் 'பாலடின்', 'பாந்தர்' என்னும் நாசகாரிகளும் வந்து, இரு கப்பல்களின் மாலுமிகளுள் 1,122 பேரை ஏற்றிக்கொண்டன.