மார்கழி விழாவும் வாடகைச் சட்டையும்

அரையாண்டுப் பரீட்சை முடிகிற சமயம் வந்தால் பள்ளிக்கூடங்களிலும் மாலை வகுப்புகளிலும் கலைவிழா நடத்துகிறார்கள். நடத்தட்டும். உழைப்பாளி வீட்டுக் குழந்தை மேடையேறிப் பாடுவதை யார் வேண்டாமென்பார்கள்? யாருடைய காசில் பாடுகிறது, யாருக்கு வசதியான நேரத்தில் பாடுகிறது, யாருடைய பாட்டைப் பாடுகிறது என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் மார்கழி எப்படிப்பட்ட மாதம்? சம்பா நடவு முடிந்தது, களையெடுப்பும் முடிந்தது. பயிர் கதிர் தள்ளி நிற்கிறது. அறுவடைக்குத் தை பிறக்கவேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு வயலில் வேலை அற்றுப்போன நாட்கள் இவை. மளிகைக் கடையில் கடன் ஏறும் நாட்கள். சரியாக இந்த மாதத்தில்தான், "டிரஸ் வாடகைக்கு இருநூறு கொண்டு வா, முந்நூறு கொண்டு வா" என்று பிள்ளையின் கையில் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஜரிகை பாவாடை, கிரீடம், முகப்பூச்சு! மூன்று நிமிஷ ஆட்டத்திற்குத் தாயின் ஒரு நாள் கூலி.

காசில்லை என்று எந்தக் குழந்தையும் வாய்விட்டுச் சொல்லாது. "எனக்கு ஆட வராது டீச்சர்" என்றுதான் சொல்லும். விவரம் தெரியாத ஆசிரியர் அதை நம்பிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிடுவார். இப்படித்தான் மேடையிலே வர்க்கம் பிரிக்கப்படுகிறது, தோழர்களே.

சர்க்கார் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அது போட்டி. பள்ளியில் ஜெயித்தவர் வட்டாரத்துக்கு, வட்டாரத்தில் ஜெயித்தவர் மாவட்டத்துக்கு என்று வடிகட்டிக்கொண்டே போகும். ஊர் விழா அப்படி இருக்கக்கூடாது. திக்கிப் பேசும் பையனும் அதிலே நிற்கவேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரே விதி வைத்திருக்கிறோம்: வீட்டிலிருந்து காசு வரக்கூடாது. துவைத்த பள்ளிச் சீருடை, தலையில் அப்பாவின் துண்டு, தீர்ந்தது வேஷம். கும்மிக்கு வாத்தியம் வேண்டாம், கை போதும். நடவுப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். குழந்தைகளின் ஆயாக்களே வந்தார்கள். "நாங்கள் சேற்றில் பாடினதை மேடையில் பாடுவதா?" என்று முதலில் வெட்கப்பட்டார்கள். அப்புறம் அவர்களை உட்காரவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது!

சினிமாப் பாட்டே ஆகாது என்று வாதிக்கும் ஆள் நானல்ல. விவசாயிகள் இயக்கத்தில் நின்ற பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவுக்குத்தானே எழுதினார்? 1959ல், 29 வயதில் மறைந்த அவருடைய பாட்டை இன்றும் பிள்ளைகள் கேட்டவுடன் பிடித்துக்கொள்கிறார்கள். அர்த்தமில்லாத குத்தாட்டத்துக்கு ஆறு வயதுக் குழந்தையை இடுப்பை ஒடிக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

பறைக்கு வருவோம். பனி இறங்கினால் பறையின் தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் தீயில் காட்டினால்தான் நாதம் ஏறும். எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில், "மைதானத்தில் தீ மூட்டக்கூடாது" என்று தடுத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றத் தடையில்லை! தீயா அவர்களுக்குப் பயம்? சேரியின் வாத்தியம் நடுமேடைக்கு வருவதுதான் பயம். சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்ற அடிமைத்தனத்தை மறுத்துப் போராடிய ஜனங்கள், தம் பிள்ளைகள் விழாவில் பறை முழக்கினால் அது கௌரவம். சென்னையில் மியூசிக் அகாடமி 1928ல் தோன்றியது. மார்கழி என்றாலே சபாக் கச்சேரி என்று ஆகிவிட்டது. அதே சென்னையில் 2020ல் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கி, பறையும் கானாவும் ஒப்பாரியும் டிசம்பர் மேடை ஏறின. பட்டணத்து மேடை ஏறியது நம் ஊர்ப் பள்ளி மேடைக்கு ஆகாதா?

அடுத்தது நேரம். மில் பகுதிகளில் மாலை 4 மணிக்கு விழா என்று அச்சடிக்கிறார்கள். இரண்டாவது ஷிப்டுக்குப் போன தகப்பன் மகளின் பாட்டை எங்கே கேட்பது? அதுவும் 4 மணிக்கு ஆரம்பிக்காது. பிரமுகர் கார் வரவேண்டும், மாலை போடவேண்டும், அவர் ஒரு மணி நேரம் பிரசங்கிக்கவேண்டும். அதுவரை குழந்தைகள் பனியில் நடுங்கவேண்டும். மில்லின் வார விடுமுறை எந்த நாளோ அந்த நாளில் வைக்கட்டும். கிராமத்தில் விளக்கு வைத்த பின் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். சிறு குழந்தைகள் முதலில். டிசம்பர் 25ஐ மட்டும் நாங்கள் தொடுவதில்லை. 1968ல் அன்றிரவுதான் கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசையில் எரிக்கப்பட்டன. அன்று எங்கள் ஜனங்கள் அஞ்சலிக்குப் போய்விடுவார்கள்.

இவ்வளவையும் செய்கிற தொண்டர் ஆசிரியர் யார்? பெரும்பாலும் படித்துவிட்டு வேலை கிடைக்காத நம் வீட்டுப் பெண். 2021ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தொண்டருக்கு மாதம் 1,000 ரூபாய். தொண்டு என்ற பெயரில் உழைப்பைச் சல்லிசாக வாங்குவது முதலாளிக்கும் தெரியும், சர்க்காருக்கும் தெரியும். விழாச் செலவும் அவள் கைக்காசிலிருந்து போகவேண்டுமா?

மைக் செட் வாடகை, ஒரு தார்ப்பாய், குழந்தைகளுக்குச் சுக்குக் காப்பி. மொத்தச் செலவு இவ்வளவுதான். கிளைச் சங்கங்கள் இதை ஏற்றுக்கொள்ளட்டும். பறையைக் காய்ச்ச வைக்கோலை ஊரார் கொண்டுவரலாம். விழாத் தேதி குறிப்பதற்கு முன்பே இரண்டு தோழர்கள் பள்ளிக்குப் போய், வாடகை உடைச் சீட்டு இவ்வாண்டு வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள்.