எஸ்பிரஸோ இயந்திரமும் இல்லறமும்

ஒரு பொருளை வாங்குதல் எளிது. அதனை ஆராய்ந்து வாங்குதல் அரிது. இவ்வுண்மையை யாம் ஏட்டிற் படித்ததோடு நில்லாது, எம் இல்லத்து அடுக்களையிலேயே கண்டறிந்தோம். எஸ்பிரஸோ என்னும் காப்பியை வீட்டிலேயே ஆக்கித் தரும் இயந்திரங்களை வாங்க விழைவார் இக்காலத்திற் பலராயினர். நம் கல்லூரி விடுதியிலும் இதுபற்றிய பேச்சு மாலைதோறும் எழுகின்றது. ஆதலின், அவ்வியந்திரத்தைத் தெரிந்தெடுக்கும் முறைபற்றி எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் எம் பிழையைச் சொல்லிவிடுதல் முறை. சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், எம் அன்னையார் இரண்டாண்டுகளாகக் கட்டிவந்த சீட்டு முடிந்து, கையிற் சிறிது பணம் வந்தது. அண்டை வீட்டிற் கண்ட காப்பி இயந்திரம் அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. "தம்பி, நீ படித்த பிள்ளை. நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கி வா" என்று அப்பணத்தை எம்மிடம் அளித்தார். யாம் கடைக்குச் சென்றோம். ஒரு பெட்டியின்மேல் 15 பார் என்றும், மற்றொரு பெட்டியின்மேல் 20 பார் என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தனர். பதினைந்தினும் இருபது பெரிதன்றோ? அவ்வளவே எம் ஆராய்ச்சி. வாங்கி வந்த இயந்திரம் நுரையை நிறையத் தந்தது, சுவையைத் தரவில்லை. அன்னையார் ஒரு வாய் பருகி, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். மூன்றாம் நாட் காலையில் பழைய பித்தளைப் பில்டரை எடுத்துக் கழுவி வைத்தார். அவ்வியந்திரம் இன்று பரண்மேல் உள்ளது. அவர் ஒருநாளும் எம்மைக் கடிந்திலர்; அக்கடியாமையே எம்மை இவ்வாராய்ச்சியிற் செலுத்திற்று.

எஸ்பிரஸோ என்னும் சொல்லையே முன்னர் நோக்குவோம். இஃது இத்தாலிய மொழிச்சொல். பிழிந்தெடுக்கப்பட்டது என்னும் பொருளது. கேட்டவர்க்கென அப்பொழுதே ஆக்கித் தருவது என்னும் குறிப்பும் உடையது. ஆங்கு இது காரணப்பெயர். நம் நாட்டிற்கு வந்தபின்னரோ ஏறக்குறைய இடுகுறியாயிற்று. திருமண மண்டபங்களின் வாயிலருகே ஓர் இயந்திரம் சீறிக்கொண்டிருக்க, அதன் நீராவியாற் பாலைப் பொங்கச் செய்து, வெந்நீரிற் கரையும் காப்பித்தூளைக் கலந்து, மேலே சாக்லேட் தூளைத் தூவித் தருவதனை 'எஸ்பிரஸோ காப்பி' என்று நாம் பல்லாண்டுகளாக வழங்கிவருகின்றோம். அது சுவையுடையதே, அதனை யாம் பழியோம். ஆயினும் அதிற் பிழிதல் என்னும் தொழில் யாண்டும் இல்லை. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருத்தலின், வாங்குவோர் தாம் விரும்புவது எது என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் முதற்கடன்.

இனி, உண்மை எஸ்பிரஸோ தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ என்பார் 1884-ஆம் ஆண்டில் நீராவியாற் காப்பி ஆக்கும் இயந்திரம் ஒன்றற்கு உரிமை பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா என்பார் 1901-இல் அம்முறையைத் திருத்தி, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே இறங்குமாறு செய்தார். ஆயினும் அவ்வியந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தன. அழுத்தம் மிக வேண்டுமாயின் வெப்பமும் மிக வேண்டும். வெப்பம் மிகுந்தாற் காப்பி கருகிக் கசக்கும். இத்தளையை அறுத்தவர் மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜ்ஜியா. அவர் 1938 முதல் முயன்று, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு நீரை அழுத்தும் இயந்திரத்தை வெளியிட்டார். காப்பியின்மேற் பொன்னிறமான தடித்த நுரை படர்ந்தது அதன் பின்னரே. 1961-இல் ஃபேமா நிறுவனத்தார் வெளியிட்ட இ61 என்னும் இயந்திரம், கையின் வேலையை மின்விசைப் பம்பினிடம் ஒப்படைத்தது. இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வெப்பத்தையும் அழுத்தத்தையும் வேறு வேறாக ஆளுதலே எஸ்பிரஸோவின் உயிர்நிலை என்பதாம்.

அவ்வாளுகையின் அளவுகளும் இன்று நன்கு அறியப்பட்டவை. நீரின் வெப்பம் 90 முதல் 96 டிகிரி சென்டிகிரேடுவரை இருத்தல் வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ 9 பார். ஒரு பார் என்பது கடல்மட்டத்திற் காற்று நம்மை அழுத்தும் அளவிற்கு ஏறக்குறைய ஒப்பாகும். 18 கிராம் தூளிட்டால், 25 முதல் 30 விநாடிகளுள் 36 கிராம் அளவான காப்பி இறங்குதல் பலரும் கொள்ளும் வழக்கு. அங்ஙனமாயின், பெட்டியின்மேல் உள்ள 15-உம் 20-உம் என்ன? அவை அப்பம்பு தன் முழு வலிமையாற் காட்டக்கூடிய எல்லை. தூளின்மேல் அவ்வளவு அழுத்தம் விழுதல் வேண்டா. விழுந்தால் நன்மையும் இல்லை. நல்ல இயந்திரங்களில் மிகையான அழுத்தத்தைத் திருப்பிவிடுதற்கென ஒரு வால்வு அமைத்திருப்பர். எனவே அவ்வெண்ணைக் கண்டு மயங்குதல், வண்டியின் வேகக்காட்டியில் எழுதிய கடைசி எண்ணைக் கண்டு அதனை வாங்குதல் போலும். யாம் மயங்கியது அங்ஙனமே.

மற்றொரு மயக்கமும் உண்டு. விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில், தூளிடும் கிண்ணத்திற்கு இரட்டை அடிப்புறம் அமைத்து, வெளியடியில் ஒரே ஒரு நுண்துளையை இட்டிருப்பர். எத்தூளை இட்டாலும் காப்பி அத்துளை வழியே பீறிட்டு நுரைக்கும். இந்நுரை துளையினாற் பிறந்தது. நன்கு பிழியப்பட்டதற்கு அடையாளம் ஆகாது. புதியார்க்கு இவ்வமைப்பு ஓரளவு துணைசெய்யுமென்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால், ஒற்றையடிக் கிண்ணமும் உடன் கிடைக்கின்றதா என்று கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும். அஃதில்லையேல் அவ்வியந்திரத்தில் நாம் மேற்கொண்டு கற்கத்தக்கது ஒன்றுமில்லை.

நாம் வலியுறுத்த விரும்பும் தலையாய கருத்து இனி வருவது. அழுத்தம் பம்பினால் மட்டும் உண்டாவதன்று; நீரைத் தடுத்து நிற்கும் தூளினால் உண்டாவது. தூள் பருத்திருப்பின் நீர் பத்து விநாடிகளில் ஓடிவிடும். காப்பி நீர்த்துப் புளிக்கும். மிக நுணுகியிருப்பின் துளித்துளியாய்ச் சொட்டும், காப்பி கசக்கும். பில்டருக்கென அரைத்த தூள் இதற்குப் போதிய நுண்மையுடையதன்று. சிக்கரி கலந்த தூளும் இதற்குரியதன்று. கொட்டை ஒவ்வொரு வறுவலுக்கும் வேறுபடுதலின், அதற்கேற்ப அரைவையையும் இழையளவிற் கூட்டியும் குறைத்தும் அமைத்தல் வேண்டும். இதனைச் செய்வது கொட்டை அரைக்கும் கருவியே. சுழலும் கத்தியால் வெட்டும் மிக்சி இதற்கு உதவாது. பற்கள் வாய்ந்த இரண்டு வட்டுகளேனும் கூம்புகளேனும் கொட்டையை இடைவைத்து நெரிக்கும் கருவியே வேண்டும். ஆகவே கையிலுள்ள பொருளை இயந்திரத்திற்கே முழுதும் ஈந்து, அரைக்கும் கருவியை மறந்துவிடுவோர், வீணை வாங்கி நரம்பு வாங்காதவரை ஒப்பர். எளிய இயந்திரமும் சிறந்த அரைக்கும் கருவியும் நல்ல காப்பி தரும். சிறந்த இயந்திரமும் தீய அரைவையும் தரா. இதுவே எம் முடிபு.

இரண்டாவது, இல்லத்தில் எத்தனை பேர் என்பது. சிறிய இயந்திரங்களிற் கொதிகலன் ஒன்றே. காப்பி இறக்குதற்கு 93 டிகிரி அளவிலும், பாலை நுரைக்கச் செய்யும் நீராவிக்கு 120 டிகிரிக்கு மேலும் வெப்பம் வேண்டுதலின், ஒன்றை முடித்து மற்றொன்றிற்குக் காத்திருத்தல் வேண்டும். ஒருவர் இருவர்க்கு இது தடையன்று. பெற்றோர், பாட்டியார், உடன்பிறந்தார் என அறுவர் ஒருங்கிருந்து பாற்காப்பி பருகும் இல்லத்தில், கடைசிக் கோப்பை வருமுன் முதற்கோப்பை ஆறிப்போம். இரண்டு கொதிகலன்கள் உடையனவும், ஒரே கலனுள் தனிக்குழாய் செலுத்தி இருவேறு வெப்பம் பெறுவனவும் உள. அவற்றின் விலையும் பன்மடங்கு உயர்ந்தது. அத்தகைய இல்லத்தார்க்கு யாம் கூறும் அறிவுரை, பித்தளைப் பில்டரைக் கைவிடற்க என்பதே. இரவில் ஒருமுறை தூளிட்டு வெந்நீர் வார்த்தால், விடியலில் அனைவர்க்கும் போதிய டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். எஸ்பிரஸோ பிறந்த இத்தாலியிலும், இல்லந்தோறும் பெரும்பான்மையாகக் காணப்படுவது அல்போன்ஸோ பியலெட்டி 1933-இல் வெளியிட்ட மோக்கா என்னும் அடுப்புக் கெண்டியே. எஸ்பிரஸோவை அவர்கள் கடையில் நின்று பருகி அகல்வர். பிறந்த மண்ணினர்க்கு இல்லாத நாணம் நமக்கு எற்றுக்கு?

மூன்றாவது, வீட்டின் நீரும் மின்சாரமும் பழுதுபார்ப்பும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களிற் கடினமானது. அது கொதிகலனுட் சுண்ணப்படிவு உண்டாக்கிக் குழாய்களை அடைக்கும். நீரைச் செம்மைப்படுத்தி வார்த்தலும், படிவை உரிய காலத்தில் நீக்குதலும் வேண்டும். நீரைக் காய்ச்சும் கருவியாதலின் இது மிகுந்த மின்சாரம் கொள்ளும்; எத்தனை வாட் என்று நோக்கி, வேண்டுமாயின் பெரிய 15 ஆம்பியர் இணைப்பையே பயன்படுத்துதல் நன்று. மேலும், இவ்வியந்திரத்தின் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிக் கசியும். அவ்வளையம் நம் ஊரிற் கிடைக்குமா, பழுதுபார்ப்பார் அருகில் உளரா என்று வினவாது வாங்கிய பொருள் ஒரு ரப்பர் வளையத்தாற் பரணேறுதல் உறுதி.

"இத்தொல்லை எற்றுக்கு? 1986 முதல் விற்பனையில் உள்ள காப்ஸ்யூல் முறையைக் கொள்ளலாமே, பொத்தானை அழுத்தினாற் போதும்" என்பாரும் உளர். நேரமில்லாதார்க்கு அது தக்கதே. ஒவ்வொரு நாளும் ஒரே சுவையைத் தருவது அதன் சிறப்பு. ஆயினும் கோப்பைதோறும் ஒரு குப்பி குப்பையாதலும், ஒவ்வொரு கோப்பைக்கும் ஆகும் செலவு கொட்டையினும் மிகுதலும் கருதற்பாலன. நீலகிரியினும் சேர்வராயன் மலையினும் பழனி மலையினும் விளையும் கொட்டையை விரும்பியவாறு வாங்கி வறுத்து அரைக்கும் உரிமை, குப்பிக்குள் அடங்கிவிடும்.

"மாணவர்க்கு இவ்வாடம்பரப் பேச்சு ஆகுமா?" என்று ஆசிரியப் பெருமக்கள் வினவுதல் கூடும். வாங்குதல் வேண்டும் என்று யாம் யாரையும் தூண்டவில்லை. வாங்கத் துணிந்தார், பிறர் ஈட்டிய பொருளை வீணாக்காது வாங்குதல் வேண்டும் என்றே கூறுகின்றோம். கடைக்காரரிடம், "தூளை நிறுத்திட்டு, விநாடியை எண்ணி, இரண்டு கோப்பை அடுத்தடுத்து ஆக்கிக் காட்டுக" என்று கேட்க நாணற்க. இரண்டாம் கோப்பையும் முதற்கோப்பையைப் போலிருப்பின் வெப்பம் நிலையாக உள்ளது என்று அறியலாம். பெட்டியின்மேல் எழுதிய எண் சொல்லாததை நாவு சொல்லிவிடும்.

எம் கதையின் முடிவையும் கூறி அமைவோம். இவ்வாண்டு உதவித்தொகையில் மீத்த பொருளைக் கொண்டு, கையாற் சுழற்றும் சிறிய கொட்டை அரைக்கும் கருவி ஒன்று வாங்கி இல்லத்திற்குச் சென்றோம். அன்னையார் அதிற் கொட்டையைப் பருமனாய் அரைத்துப் பில்டரிலிட்டார். மறுநாட் காலையில் ஒரு வாய் பருகினார், ஒன்றும் கூறவில்லை, இரண்டாம் முறை டம்ளரை நீட்டினார். பரண்மேலுள்ள இயந்திரத்தைப் பற்றிய எம் வெட்கம் அன்று பாதி தீர்ந்தது. அடுத்த இயந்திரம் எம் இல்லத்திற்கு வருதலும் கூடும், வாராமையும் கூடும். வருமாயின், பெட்டியைப் பார்த்து வாராது; வீட்டைப் பார்த்து வரும்.