பலாலிக்கு மாளிகை வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுதும் பஸ்ஸில் வந்து, புறக்கோட்டையில் இறங்கி, சென்னை விமானத்துக்காகக் கட்டுநாயக்காவுக்கு விரைந்த முதியோரை நாம் கண்டதுண்டு. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது, இடையில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது, அலைச்சலும் குறைந்தது. இனி அங்கே பெருஞ்செலவில் மண்டபம் எழுப்ப வேண்டுமா?

மத்தளையைப் பாருங்கள். ஆண்டுக்குப் 10 லட்சம் பயணிகளுக்கென, 20 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் 2013இல் திறந்த நிலையம் ஆளின்றிக் கிடந்தது. கடனே நாட்டின் தலையில் நின்றது.

பலாலிக்கு வரும் சென்னை விமானத்தில் 80 பேர்கூட அமர முடியாது. அவர்களுக்கு வேண்டியவை நிழல், நாற்காலி, குடிநீர், துப்புரவான கழிப்பிடம், தாமதமில்லாச் சோதனை. இவற்றில் குறை வைத்தலாகாது. மண்டபமோ பயணிகள் பெருகியபின் எழட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கமே நன்று.