பாட்டிக்கு வேண்டாத நித்திய ஜீவன்

தாத்தா இறந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு ஜெபத்துக்காகக் கேமரன் மலை ஏறினோம். ஹாபு பக்கம், தேயிலைச் சரிவை ஒட்டிய வீடு. போதகர் நித்திய ஜீவனைப் பற்றிப் பேசி முடித்து, எல்லாரும் வடையும் தேநீருமாக உட்கார்ந்தபோது, பாட்டி என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "எனக்கு அது வேணாம் கண்ணு."

எது என்று கேட்டேன்.

"முடிவே இல்லாத வாழ்க்கை. நாப்பது வருசம் கொழுந்து எடுத்தாச்சு. இந்த முட்டியோட இன்னும் எவ்வளவு காலம்? அதோட, பரலோகத்துல புருசன் பொண்டாட்டி கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. உங்க தாத்தா இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு?"

வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு அப்போது வாய் எழவில்லை.

அன்றிரவு வீட்டிலிருந்த இரண்டு பைபிள்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பாட்டியின் பழைய மொழிபெயர்ப்பில் 'நித்திய ஜீவன்'. கத்தோலிக்கரை மணந்த அத்தையின் திருவிவிலியத்தில், அது 1995இல் வந்தது, 'நிலைவாழ்வு'. நித்தியம் என்றதும் மனசு நீளத்தை அளக்கப் போய்விடுகிறது. இந்த மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929இல். ஒழுங்காகக் கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடிகூட நூறு வருஷம் தாண்டி நிற்கும். வெறும் நீளம் என்றால் பாட்டி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இது 'ஸோஏ அயோனியோஸ்'. 'அயோன்' என்றால் யுகம். வரப்போகும் யுகத்துக்குரிய வாழ்வு என்று இதை விளக்குவார்கள். யோவான் சுவிசேஷம் அந்த வருங்காலத்தை இன்றைக்கே கொண்டுவந்துவிடுகிறது. நம்புகிறவர் மரணத்தைக் கடந்தாயிற்று என்று, நடந்து முடிந்த காரியமாகவே 5ஆம் அதிகாரம் பேசுகிறது. 17ஆம் அதிகாரத்தில் இயேசு ஜெபத்தின் நடுவே விளக்கமும் தருகிறார்: பிதாவையும் அவர் அனுப்பிய தம்மையும் அறிவதுதான் அந்த வாழ்வு. எத்தனை காலம் என்ற பேச்சே அங்கே இல்லை. அறிவது என்றால் பரீட்சைக்குப் படிக்கிற அறிவும் அல்ல. ஆதியாகமத்தில் கணவன் மனைவி உறவுக்கே அந்தச் சொல்தான். இதனால் யோவான் மறுமையைக் கைவிட்டார் என்று ஆகாது. கடைசி நாளின் உயிர்த்தெழுதல் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

முட்டிவலிக்குப் பதில் கிடைத்துவிட்டது. தாத்தா விஷயம்தான் சிக்கல். லூக்கா 20ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர்கள் இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி அவன் மனைவியைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அப்படி ஏழு சகோதரர்களை மணந்த ஒருத்தி, அங்கே யாருக்கு மனைவி? அவள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அவர்கள் கவலை. அவளுக்கு யார்மேல் பிரியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே மணமில்லை என்ற பதில் இந்தக் கேள்விக்கு வந்தது. அதோடு நிறுத்தாமல் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று பெயர் சொல்லி, கடவுளுக்கு அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்கிறார். அந்தப் பெயர்கள் அழியவில்லை. ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று அந்தப் பகுதியில் எங்கும் இல்லை. எல்லாப் போதகர்களும் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, என் வாசிப்பு இது.

காலையில் பாட்டியிடம் சொன்னேன். சரிவில் இரண்டு பேர் பிடித்த கொழுந்து வெட்டும் இயந்திரம் இரையத் தொடங்கியிருந்தது.

"அப்போ அது இப்பவே ஆரம்பிச்சிருச்சுங்கிறே?"

"யோவான் அப்படித்தான் சொல்றாரு பாட்டி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தா ஜெபம்னு உட்கார்ந்தா தூங்கிருவாரு. ஆனா லயத்துல யாருக்குக் காய்ச்சல்னாலும் மொத ஆளா போய் நிப்பாரு. அது கணக்குல வருமா?" என்றார்.

மத்தேயு 25இன் கடைசிப் பகுதியை எடுத்தேன். பசித்தவருக்குச் சோறு போட்டவர்களும் நோயாளியைப் போய்ப் பார்த்தவர்களும் நித்திய ஜீவனுக்குள் போகிற இடம்.

"கண்ணாடியை எடுத்துட்டு வா. நானே படிக்கிறேன்."