விரலுக்கும் தமிழ் வேண்டும்

சீன மொழியில் எழுத்தென்பது ஒலியை மட்டும் காட்டும் குறியன்று. சொல்லையோ சொல்லின் உறுப்பையோ காட்டும் வடிவம். 2013-ஆம் ஆண்டு சீன அரசு வெளியிட்ட எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இடம்பெற்றன. அவற்றுள் அன்றாடப் புழக்கத்துக்கு இன்றியமையாதன எனப் பிரித்து வைக்கப்பட்டவை மட்டுமே 3,500. இத்தனை எழுத்துகளையும் எந்த விசைப்பலகையில் அடக்குவது? அடக்கவியலாது. ஆகவே, 1958-இல் அந்நாடு ஏற்றுக்கொண்ட 'பின்யின்' என்னும் உரோம எழுத்து ஒலிபெயர்ப்பையே கணினிக்கும் சீனர் கைக்கொண்டனர். 'மா' என்னும் ஒலியை உரோம எழுத்தில் தட்டினால், தாயைக் குறிக்கும் எழுத்து, குதிரையைக் குறிக்கும் எழுத்து, சணலைக் குறிக்கும் எழுத்து, திட்டுதலைக் குறிக்கும் எழுத்து எனத் திரையில் ஒரு வரிசை தோன்றும். வேண்டியதைத் தேர்ந்து கொள்ளவேண்டும். (தமிழிலும் 'மா' குதிரையே; அது நிற்க.) ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்த்தால் சீனத்தில் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. ஆயிரக்கணக்கான எழுத்துகள் அந்தச் சிறு கூட்டுக்குள் முட்டிமோதிக் கிடக்கின்றன. சீனர்க்கு வேறு வழியில்லை என்பதன்று. 1983-இல் வாங் யோங்மின் என்பவர் எழுத்தின் கூறுகளைக் கொண்டே தட்டும் முறையொன்றை வகுத்தார். ஆயினும் அதைக் கற்க உழைப்பு மிகுதியும் வேண்டியிருந்தமையால் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பு வழியே சென்றனர்.

விளைவு என்ன? எழுதுகோலை எடுத்தவுடன் எழுத்து மறந்து போகிறது என்று சீனரே நொந்து சொல்லும் நிலை வந்தது. திரையில் காட்டினால் இன்ன எழுத்தென அறிந்துகொள்ளும் கண், வெறுந்தாளில் அதனை வரையக் கை எழாமல் திகைக்கிறது. கேட்டு எழுதும் போட்டியொன்றை 2013-இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியே நடத்திப் பள்ளி மாணவரை எழுத்து நினைவுக்குத் திருப்ப முயன்றதென்றால், நோயின் ஆழம் எத்தகையது என உணரலாம்.

சீனர்க்கு நேர்ந்தது கட்டாயம். தமிழர்க்கு நேர்ந்திருப்பது என்ன?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மாணவன் கைப்பேசியில் 'பள்ளி' என்று எழுத விரும்புகிறான். அவன் விரல் தேடுவது பகரத்தையன்று, ஆங்கிலப் 'பி'யை. ஐந்து உரோம எழுத்துகளைத் தட்டியதும் பல்லியும் பள்ளியும் திரையில் அருகருகே வந்து நிற்கின்றன. ஏதோ ஒன்றைத் தொடுகிறான். மணமும் மனமும் அவ்வாறே. வலமும் வளமும் அவ்வாறே. கரையும் கறையும் அவ்வாறே. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நகர ணகர னகரங்களும் ஒலியாலும் பொருளாலும் வேறுபட்டன என்று வகுப்பறையில் ஆசிரியர் தொண்டை வறளக் கற்பிப்பதை, மாலையில் அவன் கைப்பேசி ஒரே நொடியில் கலைத்துவிடுகிறது. முப்பது எழுத்துக்குரிய மொழியாளன், எண்ணாயிரம் எழுத்தைச் சுமப்பவனின் இடர்ப்பாட்டை விலைகொடாமல் வாங்கிக்கொள்கிறான். இஃது எத்துணைப் பேதைமை!

உயிர் 12, மெய் 18 எனத் தமிழ் முதலெழுத்து முப்பதே. எஞ்சிய 216 உயிர்மெய்யும் இவற்றின் கூட்டால் பிறப்பன. ஆங்கில விசைப்பலகையின் விசைகளில் இம்முப்பதும் தாராளமாக அமர்ந்துகொள்ளும். அமர்த்தியும் காட்டியாயிற்று. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியாக உருப்பெற்று, அவ்வாண்டிலேயே தமிழக அரசு ஏற்பளித்த 'தமிழ்99' விசைப்பலகை அதுவே. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள். வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்யெழுத்துகள். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். மெய் தட்டிய அளவில் அகரமேறிய எழுத்தாகத் தோன்றுகிறதே எனச் சிலர் ஐயுறுவர். மெய்கள் அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் எனத் தொல்காப்பியர் கண்டதை நினைந்தால் அவ்வையம் தீரும்.

இதனினும் வியப்பு, புள்ளியிடும் முறையில் உள்ளது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே ஏறும். இலக்கணத்தார் உடனிலை மெய்ம்மயக்கம் என்று கூறியதும் இதுவே. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் புள்ளி தானே ஏறும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இனவெழுத்து என்னும் பாடம் விசையிலேயே குடியேறிவிட்டது! 'அம்மா' என்றெழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கே தட்டு; உரோம வழியில் ஐந்து. 'தங்கம்' ஐந்து தட்டு. உரோம வழியில் ஏழு. 'திண்டிவனம்' ஒன்பது தட்டு. உரோம வழியில் பதினொன்று, அதன் மேலும் ணகரமா னகரமா என்று தேர்ந்தெடுக்கும் தொல்லை. முப்பது முதலெழுத்துகளில் ஒன்றுக்கேனும் மேல்விசையை அழுத்த வேண்டியதில்லை. கிரந்த எழுத்துகளோ மேல்விசையில் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. வேண்டாதார் அவற்றைத் தொடாமலே வாழ்நாளெல்லாம் எழுதலாம்.

தமிழுக்குப் பொறி கண்ட வரலாறும் நெடிது. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய முத்தையா, 247 எழுத்தையும் ஒரு தட்டச்சுப் பொறிக்குள் அடக்கும் வழி காணாமல் பலர் மலைத்திருந்த காலத்தில், தட்டினாலும் உருளை நகராத விசைகளைப் புள்ளிக்கும் கொக்கிக்கும் அமைத்து அம்முடிச்சை அவிழ்த்தார். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூட முன்னின்றவர் நா. கோவிந்தசாமி, தமிழ்99 ஏற்கப்பட்ட அதே 1999-இல் அவர் மறைந்தார். இவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே நின்று தமிழுக்கு உழைத்தவர்கள். உள்ளே இருப்போர் அவர்கள் உழைப்பின் பயனை எடுத்துக்கொள்ளவும் சோம்புகின்றனர்.

'உரோம வழி எளிது. புதிதாகக் கற்கவேண்டியதில்லை' என்பார் உளர். அயல்நாடுகளில் தமிழெழுத்துப் பொறித்த பலகையைக் கண்ணாற் காணாத தமிழர், உரோம வழியால்தான் தமிழெழுதத் தொடங்கினர் என்பது உண்மை. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் அவர்க்கென அமைத்துத் தந்த ஒலிபெயர்ப்பு முறையைக் குறைகூறுவது நன்றி மறந்த செயல். ஆனால், கடல் கடந்தவனுக்கு இட்ட ஓடத்தில் செஞ்சிச் சாலையில் நடப்பவன் ஏன் ஏறவேண்டும்? ஆங்கில எழுத்து இருக்குமிடம் விரலுக்குப் பழகியதும் பயிற்சியால்தானே? எவரும் பிறவியிலேயே அதை அறிந்து வந்தாரல்லர்.

கொரியரைப் பாருங்கள். அவர்கள் விசைப்பலகையில் இடப்பக்கம் மெய், வலப்பக்கம் உயிர். தமிழ்99-ஐக் கண்ணாடியில் பார்த்தாற்போன்றது. கொரியச் சிறுவன் தன் மொழியைத் தன் எழுத்தாலேயே தட்டுகிறான். சீனமே பேசும் தைவான் மக்களும், 1918-இல் அறிவிக்கப்பெற்ற தம் ஒலிக்குறிகளை (இன்று அவை 37) விசைகளில் பொறித்து வைத்து, உரோமத்தின் துணையின்றியே சீன எழுத்தை வரவழைக்கின்றனர். சப்பானியர் பெரும்பாலும் உரோம வழியையே கொண்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், சப்பானிய எழுத்தமைப்பின் சிக்கல் தமிழுக்கு உண்டா?

செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி ஒருவர்க்குப் பாறையில் வெட்டிய எழுத்துண்டு. பழைய தமிழெழுத்து வட்டெழுத்தாகத் திரியும் நிலையைக் காட்டுவதென அறிஞர் அதனைப் போற்றுவர். வடிவம் மாறலாம், கல் ஓலையாகலாம், ஓலை தாளாகலாம், தாள் திரையாகலாம். எழுதுகின்றவன் தமிழெழுத்தை எண்ணியே எழுதினான். இன்றுதான் முதன்முறையாக, தமிழன் ஒருவன் மனத்தில் உரோம எழுத்தை எண்ணித் தமிழை வரவழைக்கும் நிலை தோன்றியிருக்கிறது.

தவறு இளையோரது மட்டுமன்று. கடைகளில் விற்கும் விசைப்பலகையில் ஆங்கிலமே பொறித்திருக்கிறது. அரசு ஏற்ற முறையை அரசுப் பள்ளியிலேயே ஒவ்வொரு மாணவனும் கற்றாக வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. ஆணை பிறப்பித்துக் கால் நூற்றாண்டு கடந்தும் இந்நிலையென்றால், அவ்வாணை யாருக்காகப் பிறந்தது?

தமிழ்99 இன்றைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் செலவின்றிக் கிடைக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதியைத் திறந்து தமிழ்99-ஐத் தேர்ந்தால் போதும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதித் தமிழ்மன்றத்தார் இத்திங்களிலேயே தொடங்கவேண்டிய வேலை ஒன்றுண்டு. முப்பது எழுத்துகளை ஒட்டுத்தாளில் அச்சிட்டு, பள்ளிக் கணினியறையின் ஒவ்வொரு விசைப்பலகையிலும் தலைமையாசிரியர் இசைவுடன் ஒட்டவேண்டும். தட்டச்சுப் பயிலகம் நடத்துவோர், பழைய பொறியின் விசையமைப்போடு தமிழ்99-க்கும் நாளொன்றுக்கு அரைமணி ஒதுக்கவேண்டும். முதல் கிழமை உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. அடுத்த கிழமை மெய் பதினெட்டும். மூன்றாம் கிழமையில் மாணவன் தன் பெயரையும் ஊர்ப்பெயரையும் விசையைப் பாராமல் தட்டட்டும். விழுப்புரத்தான் என்றால் அவனுக்கு ஊர்ப்பெயர் பத்துத் தட்டு.